பாய்லருக்குள் மூன்று பொட்டு

1

எங்கள் வீட்டு பாய்லருக்கு இன்று ஒரு வயது நிறைகிறது. கேக் எல்லாம் வெட்டவில்லை, சர்வீஸ் செய்ய ஆள் வருகிறார். வருடம் தவறாமல் சர்வீஸ் செய்து, செய்ததற்குச் சான்றிதழும் வாங்கி வைத்தால்தான் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் செல்லும். நர்ஸ் வேலை பார்க்கிறேன் என்றுதான் பெயர், என் ரத்த அழுத்தத்தைக்கூட நான் இத்தனை ஒழுங்காகக் கவனித்தது கிடையாது.

பாய்லர் என்றதும் கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் வெந்நீர் காயும் பாய்லரை நினைத்துவிடாதீர்கள். இது சமையலறைச் சுவரில் தேமே என்று தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே கேஸ் எரியும். அது தண்ணீரைச் சுடவைத்து வீடு முழுக்கக் குழாயில் சுற்றவிடும். ஜன்னலுக்குக் கீழே மாட்டியிருக்கும் இரும்புத் தகடுகள் அந்தச் சூட்டை வாங்கி அறைக்குக் கொடுக்கும். குளிக்கிற வெந்நீரும் அதிலிருந்துதான். எங்கள் வீட்டில் இட்லி மாவு புளிப்பதும் அதன் தயவில்தான். பெட்டிக்குக் கீழே ஒரு பலகை அடித்து மாவுச் சட்டியை வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் இந்த நாட்டில் ஒரு குடும்பத்துக்கு யார் தலைவர் என்று கேட்டால், நான் பாய்லரைத்தான் காட்டுவேன்.

ஆள் வருவதாகச் சொன்ன நேரம் காலை எட்டிலிருந்து மதியம் ஒன்றுக்குள். இங்கே ரிப்பேர்காரர்கள் நேரம் சொல்வது இப்படித்தான். இவர், அதாவது என் கணவர் கணேசன், முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கீழே ஹாலில் உட்கார்ந்திருக்கிறார், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல. மகள் யாழினி மாடியில் அவள் அறையில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை. ஒருவர் கீழே இருந்தால் ஒருவர் மேலே, ஒரு வருடமாக எங்கள் வீடு இப்படித்தான் ஓடுகிறது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆள் வருவதற்குள் முடிகிறதா பார்ப்போம்.

2

நான் கீரமங்கலத்துக்காரி. இவர் ஜெகதாப்பட்டினம். ஒரே மாவட்டம்தான். ஆனால் ஒரு பொருள் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதில் இரண்டு ஊருக்கும் ஏக வித்தியாசம்.

எங்கள் பக்கம் போர்வெல் ஆழம் அதிகம். மோட்டார் எரிந்துவிட்டது என்றால் அது தெருவுக்கே செய்தி. அப்பா ஆள் கூட்டி வருவார், குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே ஏற்றுவார்கள், அம்மா அத்தனை பேருக்கும் சோறு வடிப்பாள். வந்து நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஊரில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். கூட்டம் கலைந்த பிறகு அம்மா கழுத்துச் சங்கிலி பேங்குக்குப் போகும். அது திரும்பி வந்த வருடம் அடுத்த மோட்டார் எரியும். ஆனாலும் அப்பா ஒரு நாளும் மோட்டாரைத் தானே திறந்து பார்த்ததில்லை. தெரிந்தவன் வரட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருப்பார்.

இவர் ஊரில் அப்படி உட்கார முடியாது. நடுக்கடலில் விசைப்படகு என்ஜின் நின்றுபோனால் எந்த மெக்கானிக்குக்குப் போன் போடுவது? நீரோட்டம் இழுக்கிற பக்கம் போட்டு, அதாவது படகு, போகும். கிழக்கே இழுத்தால் எல்லைக்கோடு. தெரியாமல் தாண்டினாலும் தாண்டியதுதான், போட்டும் போய் ஆளும் உள்ளே போக வேண்டியதுதான். அதனால் அங்கே போட்டில் ஏறுகிறவன் எல்லோருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். இவருக்கும் இவர் தம்பி மாரிக்கும் அவர்கள் அப்பா கற்றுக்கொடுத்த முதல் பாடம், நின்ற என்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்பதுதான். இரண்டாவது பாடம், திறந்த என்ஜினை மூடும்போது சந்தனமும் குங்குமமும் தொட்டு மூன்று பொட்டு வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பொட்டு வைக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் மாமனார் கையில் இருப்பதைத் தூக்கி எறிவாராம்.

அப்படி வளர்ந்த மனுஷன், எனக்கு இங்கே வேலை கிடைத்ததால் கூட வந்து, ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த கைக்கு அங்கே அட்டைப்பெட்டிதான் கிடைக்கிறது. வீட்டில்தான் அந்தக் கைக்கு வேலை. வாஷிங் மெஷின், டோஸ்டர், பக்கத்து வீட்டுக் கிழவரின் புல் வெட்டும் மெஷின் என்று இவர் திறந்து மூடாத பொருள் கிடையாது. ஒவ்வொன்றிலும் உள்ளே மூன்று பொட்டு இருக்கும். அந்தக் கிழவருக்கு அது தெரியாது. எனக்கு இதில் பெருமைதான், மறைப்பானேன்.

மிச்சம் பிடித்த பணத்தை ஒரு தனிக்கணக்கில் போட்டு வந்தோம். பேங்க் செயலியில் அந்தக் கணக்குக்குப் பெயரும் படமும் வைக்கலாம். யாழினி அதற்கு 'சித்தப்பா என்ஜின்' என்று பெயர் வைத்து ஒரு குட்டிப் படகின் படமும் போட்டிருந்தாள். ஊரில் குடும்பப் போட்டை மாரிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் என்ஜின் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. கறுப்பாகப் புகை தள்ளியது, ஆயிலைக் குடித்தது. பொங்கல் கழிந்ததும் பணம் அனுப்புகிறோம், என்ஜினை மாற்றிவிடு என்று இவர் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

3

போன வருடம் பொங்கலுக்கு முந்தின நாள் பாய்லர் நின்றது. வெளியே உறைபனி.

பாய்லர் கெட்டால் வந்து பார்ப்பதற்கென்று மாதாமாதம் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி வந்தோம். இங்கே அதைக் கவர் என்பார்கள். போன் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் கைக்குழந்தை உண்டா, இல்லை. வயதானவர்கள், இல்லை. வெந்நீருக்கு வேறு ஏதாவது வழி இருக்கிறதா? கெட்டில் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். அப்படியானால் அவசரம் இல்லை என்று முடிவாகி, அடுத்த வாரத்தில் ஒரு நாள் கொடுத்தாள். என் உச்சரிப்பு புரியாமல் போயிருக்குமோ என்று யாழினி போனை வாங்கி, அவள் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் மறுபடி பேசினாள். நாள் மாறவில்லை. உச்சரிப்பு சுத்தமாக இருந்தாலும் பதில் அதேதான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை தெரிந்தது. மாவு புளிக்கவில்லை. யாழினி கம்பளித் தொப்பியோடு தூங்கினாள், காலையில் இருமிக்கொண்டே எழுந்தாள். இவர் சமையலறையில் அந்தப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுல என்னா இருக்கு. ஒரு ஃபேனு, ஒரு பர்னரு. நம்ம என்ஜின்ல பாதிகூட இல்ல" என்றார்.

"கவர்காரன் வரட்டுங்க. கேஸ் சமாச்சாரம்."

"அவன் வாரதுக்குள்ள பிள்ளைக்கிச் சளி நெஞ்சுல எறங்கிரும். நீ அந்த ஸ்க்ரூடிரைவர் டப்பாவ எடு."

கேஸை அடைத்தார், கரண்டை நிறுத்தினார். வெளிமூடியைக் கழற்றினார், அதற்குள் இருந்த உள்மூடியையும் கழற்றினார். ஃபேனில் அடைத்திருந்ததைத் துடைத்தார். யாழினி டார்ச் பிடித்தாள். அப்பாவும் மகளும் தலையோடு தலை முட்ட அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். மூடும்போது, "சாமி மாடத்துல சந்தனம் இருக்கா பாரு" என்றார். எடுத்து வந்து கொடுத்தேன். உள்மூடியின் மேல் மூன்று பொட்டு வைத்தார், வெளிமூடியை மாட்டினார், ஸ்விட்சைப் போட்டார்.

ஓடியது. வீடு சூடானது. ஒரு நாள் தள்ளிப் பொங்கல் வைத்தோம். "எங்க அப்பா ரியல் என்ஜினியர்" என்று யாழினி அவள் சிநேகிதிக்குப் போனில் சொன்னது ஹால் வரைக்கும் கேட்டது. இவர் கேட்காததுபோல டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் ஓடி, மறுபடி நின்றது.

4

கவர் கம்பெனியின் ஆள் சொன்ன நாளில் வந்தார். மரியாதையான இளைஞர். காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார், டீ வேண்டாம் என்றார். வெளிமூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்மூடியில் மஞ்சளும் சிவப்புமாக மூன்று பொட்டு.

துரு என்று நினைத்திருப்பார். விரலால் தொட்டார், முகர்ந்து பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, இதை யாராவது திறந்தீர்களா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

இவருக்குக் கேள்வி புரிந்தது. முகத்தை மாற்றாமல் யாழினியிடம் தமிழில், "யாரும் தொடலன்னு சொல்லு பாப்பா" என்றார்.

யாழினி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவளை அப்படி வளர்த்ததா, நாங்கள் வளர்த்தோமா தெரியவில்லை. "எங்க அப்பாதான் திறந்தார். ரெண்டு நாள் ஓடவும் வைத்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்தது பெருமைதான். நான் கேட்டேன். இவர் அந்தப் பெருமையைக் கேட்கவில்லை. காட்டிக்கொடுத்ததை மட்டும்தான் கேட்டார்.

இந்த நாட்டில் கேஸ் ஓடும் பெட்டியின் உள்மூடியை, அதற்கென்று உரிம அட்டை வைத்திருப்பவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அந்த இளைஞர் கேஸை அடைத்து, பெட்டியின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டினார். போகிறபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உள்மூடியின் ரப்பர் சரியாக உட்காரவில்லை, இன்னும் சில நாள் ஓடியிருந்தால் விஷப்புகை வீட்டுக்குள் கசிந்திருக்கலாம், அதற்கு வாசனைகூடக் கிடையாது என்று சொன்னார். ஆஸ்பத்திரியில் அந்தப் புகை குடித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "நான் சரியாத்தான் மூடுனேன்" என்றார்.

கம்பெனியிலிருந்து மறுநாள் மின்னஞ்சல் வந்தது. வருந்துகிறோம், உரிமம் இல்லாதவர் திறந்ததால் கவர் பொருந்தாது என்று இரண்டே வரி. போன் போட்டேன், பாட்டுக் கேட்டேன், மேலதிகாரியிடம் பேசினேன், முறையீடு செய்தேன். ஒவ்வொருவரும் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பழைய மாடலுக்குப் பாகங்கள் வருவதும் நின்றுவிட்டதாம். புதிது மாட்டியே ஆக வேண்டும். குட்டிப் படகு போட்ட கணக்கு அதோடு துடைத்துப்போனது. யாழினியிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் என் போனில் பார்த்துவிட்டாள்.

5

மாரிக்கு நான்தான் போன் செய்தேன். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, இதுக்கு ஏன் அழுவுறீங்க. குளுருல பிள்ளைய வச்சுக்கிட்டு என்னா செய்வீங்க. வீட்டப் பாருங்க மொதல்ல."

"ஒங்க அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரே மாரி."

"வாக்கு எங்க போயிருது. சித்திரையில தடைக்காலம் வரும், போட்டு கரையிலதான கெடக்கும், அப்ப மாத்திக்கிறலாம். அதுவரைக்கும் இத வச்சே ஓட்டிருவேன். அங்கிட்டு இங்கிட்டு தட்டிக் கொட்டிச் சமாளிச்சிருவேன், அண்ணேன்கிட்ட சொல்லுங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வெளியே போனார். கோட்டு போடாமல் போனார்.

புது பாய்லர் வந்தது. சத்தமே இல்லாமல் எரிந்தது. எல்லா அறையும் கதகதவென்று இருந்தது, மாவு பொங்கி வழிந்தது. அந்தச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு அப்பாவும் மகளும் பேசாமல் இருந்தார்கள். சண்டை இல்லை. சாப்பிட்டியா, கதவச் சாத்து, அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் இவர் எதையாவது கழற்றினால் டார்ச்சோடு ஓடி வருவாள். இப்போது இவர் எதையும் கழற்றுவதில்லை. அயர்ன் பாக்ஸ் வயர் பிய்ந்தது, கடையில் புதிது வாங்கி வந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பிள்ளைகள் இங்கே கைவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். போதை, காதல் என்று என்னென்னமோ சொல்வார்கள். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னதற்காக ஒரு பிள்ளை தள்ளிப்போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

6

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாரியின் மனைவி வசந்தா கூப்பிட்டாள். அங்கே மதியம் ஆகியிருந்தது.

"அக்கா, போட்டு இன்னும் வரலக்கா. நேத்துக் காலையில கடலுக்குப் போக டோக்கன் வாங்கிட்டுப் போனது. கூடப் போனவங்கள்லாம் விடியக்காலமே வந்துட்டாங்க. வாக்கி டாக்கியில கூப்பிட்டா பதில் இல்லங்கிறாங்க."

நான் போனை இவரிடம் கொடுத்தேன். இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடைசியா பாத்தவன் எந்தப் பக்கம் பாத்தான்?" பதிலைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டார். கிழக்கே.

வேலைக்கு நான் போகவில்லை, இவரும் போகவில்லை. இவர் மீனவர் சங்கத்துத் தலைவருக்குப் போன் போட்டார், ஐஸ் பிளான்ட்டில் இருக்கும் சிநேகிதருக்குப் போட்டார், மறுபடி வசந்தாவுக்குப் போட்டார். தேடிப் போக இரண்டு போட்டு கிளம்புகிறது என்றார்கள். எல்லை தாண்டிப் போயிருந்தால் இந்நேரம் தகவல் வந்திருக்கும், தகவல் இல்லாதது நல்லதுதான் என்றார் ஒருவர். தகவல் இல்லாதது எப்படி நல்லது என்று ஐயாயிரம் மைலுக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு விளங்கவில்லை. நின்றுபோன என்ஜின் மேல் குனிந்துகொண்டிருக்கும் மாரியின் முதுகுதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

யாழினி பள்ளிச் சீருடையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நானும் அவளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து எழுந்து வந்து அப்பா முன்னால் நின்றாள். தமிழில்தான் கேட்டாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"அப்பா, நான் அன்னிக்குப் பொய் சொல்லியிருந்தா சித்தப்பா வந்திருப்பாரா?"

இவர் அவளைப் பார்த்தார். இல்லடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை மூச்சு விடும். இவர் போனைப் பார்க்கக் குனிந்துகொண்டார். பதினெட்டு வருடக் குடும்பத்தில் இவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் வேறு எப்போதும் வந்ததில்லை. அவளை இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் கை சில்லென்று இருந்தது, அத்தனை சூடான வீட்டில்.

எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது போன் வந்தது. மாரியேதான் பேசினார். என்ஜின் இறுகி நின்றுவிட்டதாம். பேட்டரியும் போய் வாக்கி டாக்கியும் செத்துவிட்டதாம். போட்டு கிழக்கே இழுபட்டுக்கொண்டே போய், எல்லைக்கு மிக அருகில் கோட்டைப்பட்டினத்துப் போட்டு ஒன்று பார்த்துக் கயிறு போட்டிருக்கிறது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிடித்த மீன் அத்தனையும் கெட்டுப்போனது, ஆள் நாலு பேரும் முழுசாக இருக்கிறார்கள்.

இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். மாரி அந்தப் பக்கம் சிரித்தார். பிறகு பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஏன் ஆத்தா அழுவுற. ஒங்க சித்தப்பன் கரைக்கி வந்துட்டேன்ல."

யாழினி ஏதோ சொன்னாள், அழுகையில் எனக்கே புரியவில்லை. மாரிக்குப் புரிந்திருக்கிறது.

"அட கிறுக்கு. போன தீவாளிக்கி முன்னாடியே அந்த என்ஜினு என்னய ரெண்டு தடவ நிப்பாட்டிருச்சு. ஒங்க அப்பன்கிட்ட நான் சொல்லல, அவ்வளவுதான். நீ உள்ளதச் சொன்ன, நான் சொல்லாம இருந்தேன். யாரு மேல தப்புன்னு ஒங்க அப்பன்கிட்டயே கேளு."

போன் ஸ்பீக்கரில் இல்லை. ஆனால் மாரிக்குக் கடலில் கத்திப் பேசிப் பழக்கம். ஹால் முழுக்கக் கேட்டது. இவருக்கும் கேட்டது. இவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

புது என்ஜினுக்கு அதற்குள் எங்களால் பணம் சேர்க்க முடியவில்லை. தடைக்காலத்தில் மாரி போட்டை விற்றார். இப்போது வேறொருவர் போட்டில் ஆளாகப் போகிறார். தாத்தா காலத்திலிருந்து சொந்தப் போட்டு வைத்திருந்த குடும்பம். "நிம்மதியா இருக்கேன் அண்ணி. நின்னா இனிமே மொதலாளி கவல" என்றார். நிம்மதியாக இருக்கிறவர் குரல் எனக்குத் தெரியும். அது அந்தக் குரல் இல்லை.

7

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. இப்போது ஆள் வந்து போய்விட்டார்.

வந்தவர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். டீ கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். வெளிமூடியைக் கழற்றுவதற்கு முன்னால் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்டார். அதில் ஒன்று, மாட்டியதற்குப் பிறகு வேறு யாராவது இதைத் திறந்தார்களா. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். எங்கள் வீட்டில் அதைக் கேட்டதும் நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாழினி எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை, சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

இவர்தான் பதில் சொன்னார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தானே. "இது, யாரும் தொடவில்லை. பழையதை நான் திறந்தேன். சரியாக மூடவில்லை. என் மகள் உங்கள் ஆளிடம் உண்மையைச் சொன்னாள். அதனால் நாங்கள் இருக்கிறோம்."

அந்தப் பெண்மணிக்கு இதில் பாதி புரிந்திருக்காது. அவர் கேட்டது இந்தப் பெட்டியைப் பற்றி. தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். இவர் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவராலும் நிற்க முடிந்திருக்காது, அவளாலும் முடிந்திருக்காது. இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

வேலை முடிந்து மூடப்போகிற நேரத்தில் யாழினி சாமி மாடத்துக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்து வந்தாள்.

"ஏய், வேணாம் பாப்பா" என்றார் இவர்.

அவள் கேட்கவில்லை. அந்தப் பெண்மணியிடம் விவரமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் என்ஜினைத் திறந்து மூடினால் இப்படி வைப்போம், நாங்கள் தொடக் கூடாது, உங்களிடம் அட்டை இருக்கிறது, நீங்கள் வைப்பீர்களா. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். உள்மூடியில் வேண்டாம், அது சுடும். வெளிமூடியின் உள்பக்கத்தில் என்றால் கெடுதல் இல்லை என்றார். எந்த விரலால் என்று கேட்டார்.

இவர் தன் மோதிர விரலை நீட்டிக் காட்டினார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சந்தனத்தைத் தொட்டு வைத்தார், அதன் மேல் குங்குமம் வைத்தார். கோணலாகத்தான் வந்தது. மூன்றாவது பொட்டுக்கு, "கொஞ்சம் கீழே" என்று இவர் சொன்னார். யாழினி முன்போலவே டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பிடிக்கச் சொல்லவில்லை, சமையலறையில் வெளிச்சத்துக்கும் குறைவில்லை.

மூடுவதற்கு முன் அந்தப் பொட்டுகளைப் போட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினாள். போனை நீட்டி, அப்பாவிடம், "ஒரு டிக்தான் விழுது" என்றாள்.

இன்று சனிக்கிழமை, ஊரில் போட்டுகள் கடலுக்குப் போகிற நாள். மாரி கடலில் இருக்கிறார், இன்னொருவர் போட்டில், இன்னொருவர் என்ஜினை நம்பி. நாளைக் காலை கரைக்கு வந்து போனுக்குச் சிக்னல் கிடைத்தால்தான் இரண்டாவது டிக் விழும்.

"விழும்" என்றார் இவர். அந்தப் பெண்மணி போய்க் கதவைச் சாத்திய பிறகும் அப்பாவும் மகளும் ஹாலில் ஒரே சோபாவில் உட்கார்ந்து, நடுவில் அந்தப் போனை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறார்கள்.